பன்னிரண்டாவது இடம்

“அவன் பேரை அப்படியே போடுங்க. அண்ணன்னு மட்டும் போட்டீங்க, நான் அங்கேயே வந்து கிழிச்சுப் போட்டுடுவேன்.”

ஹெட்போனுக்குள் அந்தப் பெண் மூன்றாவது முறையாக மிரட்டினாள்.

கத்திரி ஒலிப்பதிவை நிறுத்தினான்.

அலுவலகத்தில் எல்லாரும் அவனைக் கூப்பிடுவது அப்படித்தான். பேட்டிகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது அவன் வேலை. அதில் யாருடைய பெயர் வந்தாலும் தடயமே இல்லாமல் வெட்டி எடுப்பதில் ஆள் கில்லாடி. ஆறு வருஷத்தில் ஒரு பெயர்கூட அவனைத் தாண்டிப் போனதில்லை.

நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி. இனிக் குணமாகாது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகளை, கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு என்ன உதவி தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக எடுத்த பேட்டிகளில் இது முப்பத்தொன்றாவது.

எதிர்ச் சுவரில் மூன்று விதிகளை ஒட்டியிருந்தார்கள். பெயர் வந்தால், எடுத்துவிட்டு உறவுமுறையைப் போடு. அழுதால், அழுகை என்று போடு. தெரிந்தவர் குரல் என்றால், கேட்பதை நிறுத்து. பதிவைத் திருப்பிக் கொடு.

இந்தப் பெண் அழவில்லை. அழுது தொலைத்திருந்தால் தேவலை. பதிவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டான்.

பேட்டி எடுக்கப் போன நர்ஸ், பாவம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். உங்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ள யாராவது இருக்கிறார்களா? அடுத்த நாற்பது நிமிஷம் அவளுக்கு வாயைத் திறக்க வழியில்லை.

“இருக்கானே ஒருத்தன்” என்று ஆரம்பித்து, கூடப் பிறந்தவனின் பெயரைச் சொன்னாள் அந்தப் பெண். தங்கை அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீடாகத் தெரியவில்லை. துப்புகிற மாதிரி சொன்னாள்.

“வீடியோல வருவான். அம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பான். போனை அம்மா பக்கம் திருப்பினா, சிக்னல் சரியில்லன்னு வச்சுடுவான். வலிக்கு ஒட்டுற பட்டையை மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். இப்ப எந்தத் தோள்ல ஒட்டியிருக்குன்னு கேளுங்க அவனை. கேளுங்க!”

கத்திரியின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. பிறகு அதையும் அடித்தன.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் புரட்டிப் படுக்க வைக்கிறேன். புண்ணு வரக் கூடாதுன்னு துரை காத்து மெத்தை அனுப்பினான். பம்பு அனுப்பல. நான் என்ன, வாயால ஊதணுமா?”

அந்த இடத்தை மட்டும் நான்கு முறை திருப்பிப் போட்டுக் கேட்டான். முதல் தடவையே தெளிவாகத்தான் இருந்தது.

முடிகிற நேரத்தில், கட்டில் பக்கமிருந்து இன்னொரு குரல். வறண்ட தொண்டை. அதே பெயரை ஒரே ஒரு தடவை சொன்னது.

“கூப்பிடும்மா, நல்லாக் கூப்பிடு. அப்படியே அவன் காதுல விழுந்துடப் போகுது.”

அத்துடன் பதிவு முடிந்தது.

மேஜையில் போன் அதிர்ந்தது. ஒருங்கிணைப்பாளர். வேறொரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான்கு நாட்டுக்காரர்களையும் ஓட ஓட விரட்டுகிற பெண்மணி.

“முப்பத்தொண்ணுல பேரைத் தொட்டுடாதீங்க. அண்ணன் பேரை எடுக்கக் கூடாதுன்னு அந்தம்மா கைப்பட எழுதிக் கொடுத்திருக்காங்க. கமிட்டில கேட்டிருக்கேன். சாயங்காலம் சொல்லிடுவாங்க.”

“விதி விதிதான் மேடம். ஒருத்தர் கோபத்துக்காக இன்னொருத்தர் மானத்தைச் சந்திக்கு இழுக்க முடியாது. இப்பவே எடுத்துட்டு அனுப்பறேன்.”

“உங்களுக்கு ஏன் சார் இப்படிப் பத்திக்கிட்டு வருது?”

கத்திரி போனை வைத்தான்.

சாயங்காலம் வரை காத்திருந்தால், கமிட்டி சரி என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால், அந்தப் பெயரை நான்கு நாட்டுக்காரர்களும் படிப்பார்கள். அதற்கு அவன் இடம் கொடுக்கப் போவதில்லை.

ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. தேடும் பெட்டியில் பெயரைத் தட்டினான். விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டினான். அது வரும் இடமெல்லாம் ‘அண்ணன்’ என்று மாற்றச் சொல்லி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தான்.

நொடியில் மாறியது.

அண்ணன் வரல. அண்ணன் கேக்கல. அண்ணன் போனை வச்சுட்டான். எந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாளோ, அதையே பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்து கிழிக்கட்டும் பார்க்கலாம்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினான். நான்கு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம்தான் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தைக் கவனித்தான்.

‘12 இடங்களில் மாற்றப்பட்டது.’

பன்னிரண்டா?

அவள் சொன்னது பத்து தடவை. கட்டிலிலிருந்து வந்தது ஒன்று. ஆகமொத்தம் பதினொன்று. காது ஏமாறினாலும் அவன் எண்ணிக்கை ஏமாறாது.

முதல் பக்கத்திலிருந்து திரையில் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தான். பேட்டி முடிகிற இடத்தில் சரியாகப் பதினொன்று.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரிதான் மிச்சம். ஒவ்வொரு பேட்டியின் அடியிலும் ஆறு வருஷமாக அவன் போடுகிற வரி.

போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது.

‘கேட்டு எழுதியவர்: அண்ணன்.’