வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள்

"அம்மா, இன்னைக்கும் நூறு பேரு சேரலன்னா வாய்க்கால் வெட்டுற பணம் பக்கத்து ஊருக்குப் போயிரும். நெனப்பு இருக்குல்லா?"

ஊராட்சிச் செயலர் பாக்கியசீலன் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார். தலைவர் சாலோமி நிதானமாக மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"வருவாவ அண்ணே. இன்னும் அம்பது நாற்காலி எடுத்துப் போடச் சொல்லுங்க."

பாக்கியசீலன் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். ராதாபுரத்துப் பக்கம் பெரிய கால்வாய் வரைக்கும் தாமிரபரணித் தண்ணீர் வந்துவிட்டது. அங்கிருந்து ஊர்க்குளத்துக்கு வரும் வாய்க்கால்தான் முள்ளு உடைமரம் மண்டித் தூர்ந்து கிடந்தது. அதை வெட்டப் பணம் உட்பட எல்லாம் தயார். கிராம சபையில் தீர்மானம் மட்டும் போட வேண்டும். அதற்கு நூறு பேராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மே தினத்தன்று வந்தவர்கள் முப்பத்தொரு பேர். சுதந்திர தினத்தன்று லட்டு கொடுத்தும் நாற்பத்தாறு. காந்தி ஜெயந்திக்கு இருபத்துமூன்று. அதிலும் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். 'குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவேன்' என்று சொல்லி ஓட்டு வாங்கிய சாலோமி அன்றைக்குக் காலி நாற்காலிகளைத் தானே அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இன்று நவம்பர் ஒன்று, உள்ளாட்சி தினம். இதை விட்டால் இந்த வருஷத்தில் வேறு கூட்டமில்லை.

ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. விமானம்!

ஊருக்கு மேற்கே உள்ள பொட்டலில் சின்ன விமானங்கள் இறங்க ஓடுதளம் போடலாமா, ஆட்சேபணை உண்டா என்று கேட்டுச் செப்டம்பரிலேயே அறிவிப்பு வந்திருந்தது. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியும் ஒருவரும் படிக்கவில்லை. ஒரு மூலையை ஆடு தின்றதுதான் மிச்சம்.

காந்தி ஜெயந்தி கழிந்து ஒரு வாரத்தில் சாலோமிக்கு என்ன தோன்றியதோ, அந்த அறிவிப்பை நகல் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். வீடு வீடாக நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க. ஆட்சேபணை உண்டுன்னா சபைக்கு வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். ஊர் பற்றிக்கொண்டது.

பத்து மணிக்குள் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பாக்கியசீலன் கையெழுத்துகளை எண்ணினார். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார். நூற்று எண்பத்தேழு!

முதலில் எழுந்தது மார்கரெட். "ஏட்டி சாலோமி, தலைக்கு மேல விமானம் இரைஞ்சா எங்க கோழி அடை காக்குமா? எழுதிக்கோ!"

"எழுதுங்க அண்ணே," என்றார் சாலோமி.

பனையேறும் இஸ்ரவேல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். "நான் மரத்து உச்சில நிக்கேன். பக்கத்துல விமானம் வந்துட்டுன்னு வச்சுக்கோங்க. நான் எங்கன ஒதுங்கட்டும்?"

கூட்டம் சிரித்தது. ஜுபைதா பீவி தன் ஆடுகள் மேய்வது அந்தப் பொட்டலில்தான் என்றார். கோயில்பிள்ளை எழுந்து, ஞாயிற்றுக்கிழமை குருவானவரின் பிரசங்கம் காதில் விழாது என்று முறையிட்டார்.

"அப்போ வரட்டும்வே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். முன்வரிசையில் இருந்த குருவானவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பாக்கியசீலன் ஒன்று விடாமல் எழுதினார். கடைசியில் சாலோமி எழுந்தார்.

"ஓடுதளம் வேண்டாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"சரி. இது வேண்டாம்னா வேற என்னதான் வேணும்னு மேல கேப்பாவல்லா? வாய்க்கால் வேணும்னு எழுதட்டுமா?"

"எழுதும்மா!" என்றது கூட்டம். தூக்கிய கையை ஒருவரும் இறக்கவே இல்லை. பாக்கியசீலனுக்குக் கண் கலங்கி, எழுதிக்கொண்டிருந்த வரி மங்கிப்போனது.

மூன்றாவது வாரம் ஜேசிபி வந்தது. முதல் உடைமரம் வேரோடு சாய்ந்தபோது ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. சாலோமி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படித்தார்.

"ஓடுதளத்திற்கு வேறு இடம் தேர்வு செய்யப்பட்டுள்ளதால், தங்கள் ஊராட்சியில் உத்தேசிக்கப்பட்ட திட்டம் கைவிடப்படுகிறது."

ஒரே ஆரவாரம். தீபாவளிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த வெடியெல்லாம் வெளியே வந்தது. இஸ்ரவேல் தோளில் கிடந்த துண்டைத் தூக்கி எறிந்தார்.

"பார்த்தீராவே! நம்ம போட்ட சத்தத்துல மேலிடமே நடுங்கிட்டு! ஒத்துமைன்னா இதுல்லா ஒத்துமை!"

சாயங்காலம் அலுவலகத்தில், அந்தக் கடிதத்தைத் தபால் பதிவேட்டில் ஏற்ற உட்கார்ந்த பாக்கியசீலன் தேதியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா! இதுல அக்டோபர் ஆறுன்னுல்லா போட்டிருக்கு? நீங்க ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்புறதுக்கு முன்னாலயே ஓடுதளம் இல்லன்னு ஆயிட்டே!"

சாலோமி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பைய பேசுங்கண்ணே. வேணும்னு சொல்லக் கூப்பிட்டேன், இருபத்துமூணு பேரு வந்தாவ. வேண்டாம்னு சொல்லக் கூப்பிட்டேன், ஊரே வந்துட்டுல்லா!"