இருபதாயிரம் பேர் தேடிய கடை

"இது மனுஷன் வேலையே இல்லை. ஏதோ மெஷின். இல்லைன்னா அந்தக் கடைக்காரனோட தில்லுமுல்லு" என்றார் மேலாளர். "காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும் ஒரே தேடல். 'சரியான அளவு ஆல்டரேஷன் கடை'. ஒரு வீட்டுல எத்தனை பேண்ட்டைத்தான் சுருக்குவாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் அறிக்கை வெளியாக வேண்டும்.

இணையத்தில் மக்கள் எதை, எவ்வளவு தேடுகிறார்கள் என்று உத்தேசமாகக் கணக்குச் சொல்வதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. வீடு வீடாகப் போய் எட்டிப் பார்க்க முடியுமா? சம்மதித்த சில வீடுகளின் கம்ப்யூட்டரில் மட்டும் எண்ணுகிற மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டு, வருவதைப் பெருக்கிக்கொள்வார்கள். ஒரு வீடு இருபதாயிரம் வீட்டுக்குச் சமம். இந்த ஒரு வீட்டின் கூத்தால், ஊரே அந்தத் தையல் கடையைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறது என்று அறிக்கை சொல்லப் போகிறது.

"சல்லடையை அனுப்புங்க."

சரிபார்க்கும் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. அவள் சலித்த கணக்கில் ஒரு கல்லும் இருக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தேடல் வந்த அந்த வீட்டின் முன்னறையேதான் கடை. தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மெஷினின் முன்னால் இருந்த அம்மாள், சல்லடையின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் விஷயமா? அவர் உள்ளேதான் இருக்கார், போம்மா."

உள்ளே, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். குளித்து, தேய்த்த சட்டை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கணக்கெடுப்பு ஆபீஸ்ல இருந்து வரேன்."

அவர் எழுந்துபோய் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்.

"உங்க கடையை நீங்களேதான் தேடிக்கிட்டு இருக்கீங்களா?"

"மெதுவாப் பேசும்மா."

"விளம்பரத்துக்கு வேற வழி கிடைக்கலையா? இதை நம்பி நாங்க ஊருக்குக் கணக்குச் சொல்றோம்."

"உங்க கணக்கு கெட்டுப்போகும்னு சத்தியமா நான் நினைக்கலை. இது அவளுக்காக." அவர் குரல் இன்னும் இறங்கியது. "கடை ஆரம்பிச்சப்போ ஈ காக்கா வரலை. ரொம்பச் சோர்ந்து போயிட்டா. கடைக்கு இணையத்துல ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். 'உங்கள் கடை இத்தனை முறை தேடப்பட்டது'ன்னு வாராவாரம் அவளுக்கு மெசேஜ் வரும். அவ அதை இத்தனை பேர்னு படிச்சுக்குவா. அன்னிக்குப் பூரா பாட்டுதான்."

"தேடினா போதுமா? ஆள் வரணுமே."

"வராமலா மெஷின் இந்த ஓட்டம் ஓடுது?" டிரைவர் காதைக் கதவுப் பக்கம் சாய்த்தார். முகத்தில் அவ்வளவு பெருமை.

சல்லடைக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் வேலை வேலைதான்.

"கணக்குல இருந்து உங்க வீட்டை எடுத்தே ஆகணும் ஐயா. எடுத்தா, காரணத்தைச் சொல்லி ஒரு மெசேஜ் தானா வந்துடும். யார் பேர்ல சேர்ந்தீங்களோ, அவங்களுக்கு."

"அவ பேர்லதான் சேர்ந்தோம்."

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று டிரைவர் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காரணம் போடாம எடுக்க முடியாதா?"

"முடியாதுங்க."

"தேடினது பூரா நான்தான்னு தெரிஞ்சா அன்னிக்கே கடையை மூடிடுவா" என்றார் டிரைவர். அதற்கு மேல் கெஞ்சவில்லை. விசைப்பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெஞ்சியிருந்தால்கூட சல்லடைக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவள் முன்னறைக்கு வந்தபோது மெஷின் நின்றிருந்தது. ஊசிக்கடியில் ஒரு பழைய தலையணை உறை. அதில் தையல் மேல் தையல், போட இனி இடமில்லை என்கிற அளவுக்கு. அலமாரியில் வேறு துணியே இல்லை.

அந்த அம்மாள் வாசல்வரை கூடவே வந்தாள்.

"எங்க வீட்டைக் கணக்குல இருந்து எடுத்துடுவீங்களா?"

"ஆமாம்மா. உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். அதுல..." அந்த அம்மாள் முடிக்க விடவில்லை.

"தாராளமா அனுப்பு. அவர் கண்ணுல படறதுக்குள்ள அழிச்சிடறேன்."

சல்லடை திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன வாரம் ஒருத்தர்கூட என்னைத் தேடலைம்மா" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "எனக்குத் தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சுமா கடையைத் திறந்து வச்சிருக்கீங்க?"

அந்த அம்மாள் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பஸ்ஸை விட்டு இறங்கினதுல இருந்து மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். குளிக்கச் சொன்னாகூட 'எங்கே போகப் போறேன்'ம்பார். இந்தக் கடை வந்தப்புறம்தான் தானா எழுந்து, குளிச்சு, சட்டை மாத்திக்கிட்டு, நேரத்துக்குப் போய் உக்காரறார். நான் கடையை மூடிட்டா, அவருக்குத் திரும்பவும் வேலை போயிடும்மா."