தோடு தேட வந்தவன்

"என்ன? இன்னொருக்காச் சொல்லும்."

"நிலத்துக்குள்ளை இரும்பு, பித்தளை ஏதும் கிடந்தால் சத்தம் போடுற மெஷின் அண்ணை. எங்கடை சங்க மைதானத்திலை ஒருக்காப் பிடிச்சுப் பாக்க விடுவீங்களோ?"

அரியரத்தினம் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவருடைய புடவைக் கடை. சனிக்கிழமை மத்தியானம், கடை நிறையச் சனம். விளையாட்டுச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். புறநகரான ஸ்தேனின் நகரசபை சங்கத்துக்கு விட்டிருக்கிற மைதானத்தின் கதவுத் திறப்பு எப்போதும் அவருடைய சட்டைப் பைக்குள்தான் இருக்கும்.

கேட்டவன் கபிரியேல். எதிரிலுள்ள உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். இலங்கையில் சண்டை முடிந்த கையோடு வன்னியிலிருந்து வந்தவன். மகளை ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் நின்ற சங்கப் பொருளாளர் யோகநாதனுக்கு உடனே விளங்கிவிட்டது.

"போன கிழமை எங்கடை விளையாட்டுப் போட்டி நடந்ததெல்லே அண்ணை. பொம்பிளையளின்ரை தோடு, மூக்குத்தி விழுந்து கிடக்குமெண்டு ஆள் மணந்து பிடிச்சிட்டார்!"

கடை முழுக்கச் சிரிப்பு.

"ஐயோ, அதுக்கில்லை. என்ரை மகள்..."

"மகளுக்குச் சங்கிலி வேணுமாக்கும். உழைச்சு வாங்கிக் குடும் ஐசே" என்றார் அரியரத்தினம். "இது பிரான்ஸ். நினைச்ச இடத்திலை மெஷின் பிடிக்கேலாது. நகரசபையிலை கேட்டனீரோ?"

"கேட்டனான் அண்ணை. சங்கம் ஓமெண்டால் தங்களுக்கும் ஓமாம். தோண்டக்கூடாது எண்டு மட்டும் சொன்னவை."

"தோண்டாமல் என்னெண்டு எடுப்பீர்?"

"எடுக்கத் தேவையில்லை அண்ணை. பிடிச்சுப் பாத்தால் போதும்."

"சும்மா பாக்கப் போறாராம்!" யோகநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். "வன்னியிலை தாட்ட தங்கத்தைக் கிண்டின கை. பாரிசுக்கு வந்தும் அரிக்குது."

கபிரியேல் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் போகவில்லை. வாசலை மறைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அரியரத்தினம் வருசா வருசம் மே மாதக் கூட்டத்தில் வன்னிச் சனத்தின் துயரத்தைப் பேசி, தானும் அழுது, சபையையும் அழவைப்பவர். இத்தனை பேர் பார்த்திருக்க ஒரு வன்னியானை விரட்டினால் பெயர் கெட்டுவிடும்.

"சரி, நாளைக்குக் காலமை வாரும். நானும் வந்து நிப்பன். அம்பிடுறது எதுவெண்டாலும் சங்கத்துக்குத்தான். விளங்குதோ?"

"பெரிய உதவி அண்ணை!"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கண்கூடக் கலங்கியிருந்தது. அரியரத்தினத்துக்கு அருவருப்பாகிவிட்டது. விழுந்து கிடக்கிற ஒரு தோட்டுக்காக இப்படியும் ஒரு மனுசனா!

ஞாயிறு காலை கதவைத் திறந்துவிட்டு, காருக்குள் இருந்தபடியே அவனைக் கண்காணித்தார்.

கபிரியேல் ஒரு சிறுமியையும் கூட்டி வந்திருந்தான். பத்து வயது இருக்கும். அவள் வாசலுக்குப் பக்கத்துச் சீமெந்துப் படியில் கால்களை மடக்கிக்கொண்டு இருந்துவிட்டாள்.

அவன் வேலையைத் தொடங்கினான். ஒரு முழம் அகலத்துக்கு மெஷினை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். ஓரடி முன்னுக்கு வைப்பான். பார்த்த இடத்துக்கு அடையாளமாக ஒரு வெள்ளைக் கயிற்றை இழுத்து வைப்பான். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவான்.

'கள்ளன். ஒரு மூக்குத்தி தப்பாது. பெட்டைக்கும் பழக்கிறான்' என்று நினைத்தார் அரியரத்தினம்.

திடீரென்று மெஷின் கீச்சிட்டது. கபிரியேல் குனிந்து புல்லுக்குள்ளிருந்து எதையோ எடுத்தான். மகள் பக்கம் பார்த்தான். அவசரமாகக் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

அரியரத்தினம் காரிலிருந்து பாய்ந்து இறங்கினார்.

"டேய்! பொக்கற்றுக்குள்ளை வைச்சதைக் காட்டடா!"

கபிரியேல் தூரத்திலிருந்தே அதை உயர்த்திக் காட்டினான். "பியர் மூடி அண்ணை."

"ஆருக்கடா பேய்க்காட்டுறாய்? நில், வந்து பாக்கிறன்!"

கயிற்றைக் கவனிக்காமல், புல்லுக்குள் இறங்கிக் குறுக்கே நடந்தார். நாலு எட்டு வைத்திருக்கமாட்டார். படியில் இருந்த சிறுமி துள்ளி எழுந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"மாமா, அசையாதேங்கோ! அது அப்பா இன்னும் பாக்காத இடம்... மிதிவெடி இருக்கும்!"