எஃப்-ஒன்பது

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சார். உங்க தலை தெரிஞ்சாலே அந்தப் பொண்ணு கீபோர்டுல எஃப்-ஒன்பதைத் தட்டுது. உடனே கம்ப்யூட்டர்ல வேற ஜன்னல்! எதையோ மறைக்குது."

சொன்னவர் கணக்கர். வத்தி வைப்பதில் கெட்டிக்காரர். அலுவலகத்தில் அவருக்கு 'வத்திப்பெட்டி' என்றே பெயர்.

மேலாளரின் பேனா நின்றது. சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கும் அந்தப் பெண்ணின் வேலையை நிரந்தரமாக்கும் தாள் அது. இன்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவருக்கோ அவள் மேல் மலையளவு நன்றி. போன வாரம் தண்ணீர் பம்புகள் ஊர் மாறிப் போனதற்கு மேலாளர்தான் காரணம் என்று முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அப்போது, ஊரை மாற்றச் சொல்லி முதலாளியே அவள் மேசையருகே நின்று போட்ட உத்தரவை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். முதலாளி தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் நேற்று அவர் நன்றி சொன்னபோது அவள் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்தாள். அது அவருக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

"பின்னாலேர்ந்து கூப்பிட்டா திரும்பறதுகூட இல்ல சார். அவ்வளவு திமிர்!"

"யாருய்யா அந்த ஜன்னலை வச்சுக் குடுத்தது?"

"நம்ம கம்ப்யூட்டர்காரர்தான். கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டிருக்கறதால எது வேணா பண்ணலாமாம். ஒரு தட்டு தட்டினா வரும், இன்னொரு தட்டுல போயிடும். என்னன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

அவள் கிடங்குக்குப் போயிருந்த நேரம். இருவரும் அவள் இருக்கைக்குப் போனார்கள். திரையில் லாரிகளின் பட்டியல் இருந்தது. மேலாளருக்கு மனசே இல்லை. எஃப்-ஒன்பதைத் தட்டிவிட்டு, திரையைப் பார்க்கப் பிடிக்காமல், காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கிட்ட எதைம்மா மறைச்சே?"

கணக்கர் அவர் தோளைத் தொட்டார். வத்திப்பெட்டி நமுத்துப் போயிருந்தது.

மேலாளர் திரும்பினார். கறுப்பு ஜன்னலில் வெள்ளை எழுத்துகள் அப்போதுதான் ஓடி வந்து நின்றன: 'எங்கிட்ட எதைம்மா மறைச்சே?'

அதற்கு மேலே, அவள் அழிக்காமல் வைத்திருந்த நேற்றைய வரி: 'நீ இல்லன்னா என் பொழைப்பே போயிருக்கும்மா. ரொம்ப நன்றி.'