அவர் வாயால் சொல்லட்டும்

மூன்றாவது முறையாக ஃபோன் மணி அடித்தது. எடுத்தாள்.

அவர் குரல் இல்லை.

"அண்ணி, பாஷா பேசுறேன். கிளை வெட்டியாச்சு, கம்பி இழுத்துக் கட்டியாச்சு. லைன் போட்டு விடுங்க."

"உங்கண்ணன் எங்கே?"

"இங்கதான். டீ குடிக்கிறாரு."

"டீ குடிக்கிற வாய்க்குப் பேச வராதா?"

வைத்துவிட்டாள்.

சப்-ஸ்டேஷனில் இது மாறாத வழக்கம். யார் பேரில் லைனை நிறுத்தினார்களோ, வேலை முடிந்ததும் அவரே தன் வாயால் திருப்பித் தரவேண்டும். காலையில் நிறுத்திக் கொடுத்தது வேறு ஷிஃப்ட். இரண்டு மணிக்கு அவள் வந்து பதிவேட்டைப் பிரித்தாள்.

தணிகாசலம், லைன் இன்ஸ்பெக்டர்.

அவள் வீட்டுக்காரர்.

மூன்று நாளாகப் பேச்சில்லை. கையுறை போடாமல் கம்பத்தில் ஏறினார் என்று காதுக்கு வந்தது. அவரையே கேட்டுவிட்டாள். அதுவும் பாஷா முதலான அவர் ஆட்கள் முன்னால்.

"ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து பட்டன் அமுக்குறவளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றால்கூட மகளிடம்தான் கேட்கிறார்.

மே மாத வெயில். வியாசர்பாடியில் நாலு தெரு கரண்ட் இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. உதவிப் பொறியாளர் ஃபோனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஜனங்க ரோட்ல உட்கார்ந்துட்டாங்க. உங்க வீட்டுக்காரர்தானே? போட்டு விடுங்களேன்."

"வீட்டுக்காரர்லாம் வீட்லதான் சார். இங்க அவர் லைன் இன்ஸ்பெக்டர். அவர் சொல்லட்டும்."

வைத்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது.

கோபத்தில்தான் பேசவில்லையா?

டீ குடிக்கிறார் என்றானே பாஷா. பார்த்துத்தான் சொன்னானா? அண்ணன் கம்பத்திலிருந்து இறங்கியிருப்பார் என்று அவனாக நினைத்துக்கொண்டானா?

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். லைனைப் போடும் பிரேக்கர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மணி அடித்தது.

"நான்தான்."

கண்ணை மூடித் திறந்தாள்.

"நான்னா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"தணிகாசலம். லைன் இன்ஸ்பெக்டர்."

"எத்தனை பேர் ஏறினீங்க?"

"மூணு பேர்."

"இறங்கினது?"

"மூணு பேரும்தான். கம்பியில மாட்டின எர்த் ராடெல்லாம் கழட்டியாச்சு. லைனை சார்ஜ் பண்ணலாம்."

எழுதிக்கொண்டாள். கேட்க வேண்டியது அவ்வளவுதான். பதிவேட்டில் அதற்கு மேல் கட்டமும் இல்லை.

"கையுறை?" என்றாள்.

மறுமுனையில் ஒரு ஆட்டோ ஹாரன் கேட்டது.

"கழட்டிட்டுதான் ஃபோனைப் பிடிச்சிருக்கேன்."

மூன்று நாற்பத்தேழு. நேரத்தைக் குறித்தாள். எழுந்துபோய் பிரேக்கரைப் போட்டாள். ஆம்பியர் முள் துள்ளி எழுந்து, ஆடி, நின்றது.

திரும்பி வந்தாள். ரிசீவர் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதற்குள் ஒரு தெருவே கத்திக்கொண்டிருந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!"

காதில் வைத்தாள். கத்தல் ஓய்ந்தது. மூச்சு கேட்டது.

"வேற ஏதாச்சும் கேக்கணுமா?" என்றார்.