கேட்டுக்கு ஒரு நட்சத்திரம்

"இது நட்சத்திரமா, லோடு லாரி ஏறின தவளையா?" என்று கேட்டார் ஜெயக்கொடி டீச்சர்.

தங்கத்தாய் தான் தைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது அவளுக்கும் தவளையாகத்தான் தெரிந்தது.

வெளியே புயல். விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த ஒருவர் ஆயுசுக்கும் நடுங்க வேண்டிய நடுக்கத்தையெல்லாம், 2005 டிசம்பரின் அந்த ஒரே வாரத்தில் திருத்தங்கல் நடுங்கித் தீர்த்தது.

சர்ச் கம்பவுண்டில் கட்டியிருந்த காகித நட்சத்திரங்கள் கஞ்சியாகிச் சுவரில் வழிந்தன. இனி குடைத்துணியில் தைத்தால்தான் உண்டு.

இடி இடித்தால் பட்டாசு ஆலைக்கு லீவு. அதனால் தங்கத்தாயும் செல்லக்கனியும் சண்டே ஸ்கூல் அறையில் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

மர ஸ்கேலோடு அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார் டீச்சர். முப்பத்துமூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அவர் பார்வைக்குப் பயந்து தையல் மெஷினே நேராக ஓடும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் டீச்சர்தான்.

செல்லக்கனி ஆலையில் திரி செருகுகிறவள். அந்தப் பழக்கத்தில் நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு விரற்கடை நூலை நீட்டி விட்டிருந்தாள்.

"ஏட்டி, இதை என்ன, பத்த வச்சிட்டு ஓடணுமா?"

செல்லக்கனி அவசரமாக நூலைப் பல்லால் கடித்தாள்.

கடைசியாக மூலையில் இருந்த கிருபாவிடம் வந்தார். கிருபா டீச்சரின் நாத்தனார். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றவள். முப்பத்தொரு கிறிஸ்துமஸும் அவளுக்கு டியூட்டியிலேயே கழிந்தது. மற்றவர்கள் அதிரசம் தின்றுகொண்டிருந்தபோது அவள் வெடியில் வெந்த கைகளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. சர்ச் கேட்டின் நடுவில் தொங்கும் பெரிய நட்சத்திரம் இந்த ஒரு வருடமாவது தன் கையால் தைத்ததாக இருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த இடம் டீச்சருடையது. கர்த்தரே வந்து கேட்டாலும் சங்கிலித் தையல் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் டீச்சர் யோசிப்பார்.

கிருபாவின் நட்சத்திரத்தை ஸ்கேல் நுனியால் தூக்கினார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

ஒரு குத்து, ஒரு முடிச்சு, கத்தரிப்பு. மறுபடி ஒரு குத்து, ஒரு முடிச்சு, கத்தரிப்பு. நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டெறும்பு வரிசைபோல ஏறக்குறைய நூறு முடிச்சுகள்.

டீச்சருக்குச் சிரிப்பு பொங்கியது. மழையையும் மிஞ்சிச் சிரித்தார். திருத்தங்கல் ரயில்வே ஸ்டேஷன் வரை அது கேட்டிருக்கும்.

"பாருங்கட்டி கூத்தை! குத்துக்குக் குத்து முடிச்சுப் போடுறவளை எந்த ஊர்லயாவது பாத்திருக்கீகளா? நாலாங்கிளாஸ் பிள்ளை இப்படித் தச்சா முட்டி போட வச்சிருப்பேன். இதையா கேட்டுல கட்டச் சொல்லுத? ஏசு பிறந்திருக்காருன்னு நினைக்க மாட்டாக, ஆபரேசன் நடந்திருக்குன்னு நினைப்பாக!"

தங்கத்தாயும் செல்லக்கனியும் சேர்ந்து சிரித்தார்கள். ஏச்சு தங்களை விட்டு இடம் மாறிய சந்தோஷம் அவர்களுக்கு.

கிருபா கோபப்படவில்லை. இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கிடும் மதினி. போன புதன்கிழமை உங்களுக்குப் போட்ட பதினொண்ணும் இப்படித்தான். ஒண்ணாவது விட்டுச்சா?"



"டீச்சருக்குத் தையலா? எங்கன?" தங்கத்தாய் ஊசியைக் கீழே வைத்தேவிட்டாள்.

நான்கு கண்கள் டீச்சரை நெற்றியிலிருந்து பாதம் வரை மேய்ந்தன. நெற்றியில் இல்லை. முழங்கையில் இல்லை. கணுக்காலிலும் இல்லை.

கிருபா ஊசியில் புது நூலைக் கோக்கத் தொடங்கினாள். யாருடைய காயத்தையும் யாரிடமும் சொன்னவள் அல்ல அவள். இன்றைக்கும் சொல்லமாட்டாள் என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் இன்னும் வாயை மூடவில்லை.

"அந்த நட்சத்திரத்தை கேட்டுல கட்டுங்க," என்றார் டீச்சர் சட்டென்று. "நடுவுல கட்டுங்க."

கிருபா வாயை மூடிக்கொண்டாள்.

செல்லக்கனிக்கு மனது இளகிவிட்டது. எங்கே அடிபட்டிருந்தால் என்ன, பாவம், வயசான மனுசி. மூலையில் கிடந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையால் துடைத்தாள்.

"உக்காருங்க டீச்சர். காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கீகளே."

டீச்சர் நாற்காலியைப் பார்த்தார். கிருபாவைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார்.