நூற்றுக்கு இருபது

"என் காசு எழுபத்தெட்டாயிரத்தையும் இப்பவே எண்ணி வையிங்க. ஒரு ரூவா கொறைஞ்சாலும் இங்கேருந்து நகர மாட்டேன்."

வரிசையில் முதலாவதாக நின்ற நாகலெட்சுமி பாஸ்புத்தகத்தை மேசையில் அடித்தாள். கொட்டகலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் பெண்கள் சேமிப்புச் சங்கம், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில்தான் ஞாயிறுதோறும் கூடும். விடுமுறை நாளில் பிள்ளைகள் இல்லாத அந்த அறையின் வாசலையும் தாண்டி நாற்பது பெண்கள் நின்றார்கள்.

டவுனில் ஏதோவொரு பைனான்ஸ் கம்பெனி கதவைச் சாத்திவிட்டதாம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அப்படித் தொடங்கிய பேச்சு, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் 'நம்ம சங்கமும் போச்சாம்' என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

பொருளாளர் ஜீவராணி பணப்பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்தாள். சங்கத்தில் சேரும் நூறு ரூபாயில் இருபதைக் கையில் வைத்துக்கொண்டு, எண்பதைக் கடன் கொடுப்பது விதி. அந்த எண்பதெல்லாம் கறவை மாடாகவும் தையல் மெஷினாகவும் லயங்களில் பத்திரமாகத்தான் இருந்தது. அதற்காக மாட்டை ஆளுக்கொரு கால் என்று பிரித்துக் கொடுக்கவா முடியும்? பெட்டியில் இருந்தது ஒரு லட்சம்தான். நாற்பது பேரும் கேட்டால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

நாகலெட்சுமி விடவில்லை. பெட்டி காலி என்பது ஊருக்கே தெரியும் என்றாள். ஜீவராணி கட்டியிருந்த புதுச் சேலை யார் காசு என்றும் கேட்டு வைத்தாள்.

ஜீவராணி பெட்டியைத் திறந்து, வரிசையின் கடைசிவரை கேட்கும்படி சத்தமாக எண்ணிக் கொடுத்தாள். நாகலெட்சுமி நோட்டுகளை மடியில் முடிந்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மிச்சம் இருபத்திரண்டாயிரம். "அடுத்து யாரு?" என்றாள் ஜீவராணி. உள்ளே இருப்பது வரிசைக்குத் தெரியாதபடி பெட்டியின் மூடியைச் சாய்த்து வைத்தாள்.

அடுத்து நின்ற தனுஷிகா, இத்தனை பெரிய தொகையே கேட்டவுடன் கிடைத்ததைப் பார்த்து, விரித்த பாஸ்புத்தகத்தை மூடினாள்.

"காசு இருக்குல்ல, அப்ப இங்கேயே கெடக்கட்டும்க்கா. மரக்கறித் தோட்டம் போட நான் கேட்ட கடன் கெடைக்குமா?"

"நூத்துக்கு இருபது கையில நின்னு, இந்த மாசத் தவணையும் வந்துட்டா அடுத்த கிழமையே கெடைக்கும்."

வரிசை கலைந்தது. வந்ததற்கு வெட்கப்பட்டு நூறு, இருநூறு கட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு.

எல்லோரும் போனபின், பின்வாசல் வழியாக வந்த நாகலெட்சுமி எழுபத்தெட்டாயிரத்தையும் மேசையில் வைத்தாள்.

"நேத்து நீங்க சொல்லிக் குடுத்ததுக்கு மேலேயே திட்டிப்புட்டேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா."